ஐந்தாவது சக்கரத்தின் நிறம்

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு 1920-இல் ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. வாங்கியவரும் ஓட்டியவரும் ஒருவரே: ஜி.டி.நாயுடு. அந்த ஒற்றை வண்டிதான் பின்னாளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. கொங்கு நாட்டில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. வழித்தடம் சொல்வார்கள், நாயுடுவின் கறார்த்தனத்தைச் சொல்வார்கள். அந்த பஸ்ஸின் சக்கரம் என்ன நிறத்தில் இருந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓடும் வண்டியில் எல்லோர் கண்ணிலும் படுவது சக்கரம். யார் நினைவிலும் தங்காதது அதன் நிறம்.

அதே சாலையில் நானும் பொள்ளாச்சி நண்பரும் கிளம்பியது ஒரு சக்கரத்தைத் தேடித்தான். நண்பருக்குத் தென்னந்தோப்பு வருமானம். அது போகிற இடம் பழைய வண்டிகள். இப்போது அவர் கையில் இருப்பது ஒரு வில்லிஸ் ஜீப். ஆர்.சி. புத்தகத்தில் 1951 என்று இருக்கிறது. பழனி மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கைமாறிக் கைமாறிச் சமவெளிக்கு இறங்கிய வண்டி. உடம்பு பச்சை என்பதில் சந்தேகமில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால், இருக்கைக்கு அடியில், பெட்ரோல் டாங்க் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் என்று எங்கே சுரண்டினாலும் ஒரே பச்சை. சிக்கல் சக்கரத்தில். வண்டியில் இருந்த நாலு சக்கரமும் நாலு வண்டியிலிருந்து வந்தவை. அவற்றைச் சுரண்டுவதில் பயனில்லை. வண்டியை விற்றபோது ஸ்டெப்னி மட்டும் தோட்டத்து ஷெட்டிலேயே தங்கிவிட்டது என்று பழைய உரிமையாளர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மலையேற அது போதுமான காரணம்.

"நாலும் போயிருச்சு, அஞ்சாவதாவது நெசம் பேசுதான்னு பாப்பமுங்க" என்றார் நண்பர்.

உடுமலை தாண்டியதும் இடப்பக்கம் வயல், வலப்பக்கம் மலை. நண்பர் ஜீப்பின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜீப்புகளுக்கு உடம்பும் சக்கரமும் ஒரே மங்கலான ராணுவப் பச்சை. எதிரியின் கண்ணுக்குத் தப்ப வேண்டிய வண்டிக்கு அலங்காரம் ஆகாது. போர் முடிந்த 1945-இல் வில்லிஸ் நிறுவனம் அதே வண்டியை சி.ஜே.-2ஏ என்ற பெயரில் உழவர்களுக்கு விற்க வந்தபோது, சக்கரத்துக்கு வேறு நிறம் கொடுத்தது. 'பாஸ்ச்சர் கிரீன்' என்ற பச்சை உடம்புக்கு 'ஆட்டம் எல்லோ' என்ற மஞ்சள் சக்கரம். 'ஹார்வெஸ்ட் டேன்' என்ற பழுப்பு உடம்புக்கு 'சன்செட் ரெட்' என்ற சிவப்புச் சக்கரம். முதலில் இந்த இரண்டு ஜோடிதான். மற்றவை பின்னால் வந்தன. அமெரிக்காவில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஜோடிகள் தலைகீழ்ப் பாடம். உடம்பும் சக்கரமும் ஜோடி மாறினால் போட்டியில் மதிப்பெண் குறையும்.

அந்தப் பட்டியலை எடுத்து நம் ஊர் வண்டியில் ஒட்டிவிட முடியாது. 1949-இல் பம்பாய் மஸகானில் மஹிந்திரா நிறுவனம் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன. அமெரிக்கப் பட்டியல் அமெரிக்காவில் விற்ற வண்டிக்குச் சாட்சி. இங்கே பூட்டிய வண்டிக்கு வெறும் துப்பு. மற்ற வண்டிகளிலும் இதே கதைதான். போர்டு 'மாடல் டி' 1914 முதல் 1925 வரை கறுப்பாக மட்டுமே வந்தது. அதற்கடுத்த 'மாடல் ஏ'வில் வைக்கோல் மஞ்சள் உட்படப் பல நிறச் சக்கரங்கள். லேண்ட் ரோவர் இரண்டாம் வரிசையில் கூரைக்கும் சக்கரத்துக்கும் 'லைம்ஸ்டோன்' என்ற வெளிறிய நிறம். நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு வழக்கம் மாறும். உடம்பின் நிறத்துக்கு விளம்பரத் தாளும் எண் குறித்த தகடும் இருக்கும். சக்கரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

பழனியில் காலை இட்லியை முடித்துக்கொண்டு கொடைக்கானல் சாலையில் திரும்பினோம். முருகன் இருக்கும் குன்றைப் பின்னால் விட்டு வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கிறது. வத்தலக்குண்டு வழி அகலம், கூட்டம். இந்த வழி ஒடுக்கம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டும். சவரிக்காடு வரை வெயில் கூடவே வந்தது. வடகவுஞ்சிப் பக்கம் காற்றில் ஈரம் தட்டியது. சாலையோரத்தில் மலை வாழைத் தார்கள் அடுக்கியிருந்தன. பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழம் இந்தச் சரிவுகளில் விளைவதுதான்.

எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே ஏறினேன். சரக்கு ஏற்றும் ஜீப்புகளில் எல்லாம் சில்வர். லாரிகளில் மஞ்சள் டிஸ்க், சிவப்பு நட்டு, நடுவே வெள்ளை வளையம். நம் ஊரில் சக்கரத்துக்கு வர்ணம் பூச இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு: ஒன்று எஃப்.சி., மற்றொன்று ஆயுத பூஜை. எஃப்.சி.க்குப் போகும் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். கடையில் என்ன டப்பா இருக்கிறதோ அதுதான் அந்த ஆண்டின் நிறம். டயரைக் கழற்றுவதில்லை, பழைய வர்ணத்தைச் சுரண்டுவதுமில்லை. மேலேயே ஒரு கை. ஒழுங்கில்லாத வேலை என்று சொல்லலாம். ஆனால் நிறம் தேடிப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பழையதைச் சுரண்டாமல் பூசியதால்தான் பழையது அடியில் பத்திரமாக இருக்கிறது.

பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையைப் பிடித்து, ஊத்து வழியாகக் கொஞ்சம் இறங்கி, பண்ணைக்காட்டுப் பிரிவில் திரும்பினோம். 1910-களில் இந்த மலைச்சாலையில் மோட்டார் ஏறத் தொடங்கும்வரை, கொடைக்கானலுக்குப் போன வெள்ளைக்காரர்கள் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த டோலியிலோதான் ஏறினார்கள். பின்னர் சாலை வந்தது, லாரி வந்தது. சாலையே இல்லாத தோட்டத்துச் சரிவுகளுக்கு ஜீப் வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இந்த மலை ஏற்ற இடம்.

தோட்டத்து ஷெட்டைத் திறந்துவிட்டவர் அங்கே பல காலம் கணக்குப் பார்த்த பெரியவர். மிளகு மூட்டை, உடைந்த பல்பர் இயந்திரம், கயிற்றுக் கட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது அந்தச் சக்கரம். டயர் வெடித்துக் காய்ந்திருந்தது. டிஸ்க்கில் சில்வர் வர்ணம், அங்கங்கே துரு.

"இதுக்கா தம்பி பொள்ளாச்சியிலருந்து வந்தீங்க?" என்று பெரியவர் கேட்டார்.

"கலரு தெரியோணுமுங்கய்யா. வண்டி வந்தப்ப சக்கரம் என்ன கலர்ல இருந்துச்சு?"

"செகப்பு. ரத்தச் செகப்பு. நானே கழுவியிருக்கேன்."

அவர் குரலில் துளி தயக்கம் இல்லை. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்ததே வண்டி வந்து பல ஆண்டு கழித்துத்தான் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. சிவப்பு உண்மைதான், முதல் நிறமா என்பது வேறு கேள்வி. பழைய வண்டிக்காரர்கள் அடிக்கடி சந்திக்கும் சங்கடம் இது. நினைவு பொய் சொல்வதில்லை, தேதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பங்களா வராந்தாவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. ஜீப்பின் முன்னால் தோட்டக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். உடம்பு அடர்ந்த சாம்பல். சக்கரம் அதைவிட நன்றாக வெளுத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் சில நிறங்களைத் தள்ளிவிட முடியும். அந்தக் காலத்துப் பிலிமில் அடர் சிவப்பும் அடர் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழும். இன்னும் பழைய வகைப் பிலிமாக இருந்தால் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழுந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் இந்தப் படம் எடுத்த நாளில் சக்கரம் ரத்தச் சிவப்பாக இருந்திருக்க முடியாது. ஏதோ வெளிர் நிறம். படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு, பெரியவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். சக்கரத்துக்கு விலை பேச அவர் ஒப்பவில்லை. "கொண்டு போங்க, இங்க கிடந்து என்ன செய்யும்?"

பெருமாள்மலையில் ஒரு பஞ்சர் கடை. டயரை அறுத்து எடுக்கலாம் என்று கடைக்காரத் தம்பி இயந்திர ரம்பத்தை எடுத்தார். நண்பர் தடுத்தார். ரிம்மில் ஒரு கீறல் விழக்கூடாது, லிவர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவும் துணி வைத்து. "டயரு குப்பைக்குப் போறது, அதுக்குப் போயி துணியாண்ணே?" என்று சிரித்தாலும் தம்பி சொன்னபடியே செய்தார். காய்ந்த ரப்பர் ரிம்மோடு ஒட்டிப் போயிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, கடைசியில் ஒரு பெரும் பொருமலோடு கழன்றது.

உள்ளே பாதிக்கு மேல் துரு. ஆனால் டயரின் விளிம்பு அழுத்தி உட்கார்ந்திருந்த பட்டையில், ஒரு விரல் அகலத்துக்கு, ஒரு நிறம் அப்படியே இருந்தது. சில்வர் இல்லை, சிவப்பும் இல்லை. நம் ஊர்ப் பெயின்டர்கள் கிரீம் என்பார்களே, அதில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலான நிறம். சக்கரத்துக்கு வர்ணம் பூசிய பிறகுதான் டயர் ஏறும். பின்னால் வரும் பூச்சுகள் பெரும்பாலும் டயரைக் கழற்றாமல் நடப்பவை. அதனால் டயருக்கு அடியில் சிக்கியது முதல் நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். சக்கரம் வந்த சில ஆண்டுகளில் யாராவது டயரைக் கழற்றிவிட்டுப் பூசியிருக்கலாம். அதைச் சரிபார்க்க டிஸ்க்கின் முகத்துக்கு வர வேண்டும்.

கடை வாசலில் பலகையைப் போட்டு, நண்பர் தன் பையைத் திறந்தார். 400, 800, 1200 நம்பர் வாட்டர் பேப்பர்கள், ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, நகைக்கடையில் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ். உலர வைத்துத் தேய்க்கக்கூடாது. அந்தக் காலத்து மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் உண்டு. தூசி மூக்கில் போனால் உடம்புக்கு ஆகாது. ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது. துரு பிடிக்காத ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, வட்ட வட்டமாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தார். ஒரு ரூபாய் நாணயத்தளவு பள்ளம். அதற்குள் அடுக்குகள் வளையம் வளையமாக விரிந்தன.

வெளி வளையம் சில்வர். அதற்குள் கறுப்பு. அதற்குள் சிவப்பு, பெரியவரின் ரத்தச் சிவப்பு, அவர் சொன்னது சொன்னபடி. அதற்குள் உடம்பின் பச்சை. அதற்குள் டயருக்கு அடியில் பார்த்த அதே கிரீம். கிரீமுக்கு அடியில் ரெட் ஆக்சைடு, பிறகு இரும்பு. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் சக்கரத்தையும் உடம்பு நிறத்துக்கே மாற்றியிருக்கிறார், அடுத்தவர் சிவப்பாக்கியிருக்கிறார், அதற்கடுத்தவர் கறுப்பு, கடைசியில் எல்லோரையும் போல் சில்வர்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அந்தக் கிரீம் உண்மையில் சக்கரத்தின் நிறமா, அல்லது பச்சைக்கு அடியில் பூசிய அடிப்பூச்சா? இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் கடைசி நிறமே அசல் என்று முடிவு கட்டி, அடிப்பூச்சின் நிறத்தையே வண்டிக்குப் பூசிவிடுவார்கள். நண்பர் லென்ஸை என்னிடம் நீட்டினார். கிரீமும் பச்சையும் சேரும் விளிம்பில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அழுக்கு. சாலைப் புழுதியும் கிரீஸும் படிந்து, சரியாகக் கழுவாமல் அதன்மேல் பச்சையைப் பூசியதால் சிக்கிய அழுக்கு. ரெட் ஆக்சைடுக்கும் கிரீமுக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை; அந்த விளிம்பு சுத்தம். அடிப்பூச்சு பூசிய கையோடு மேல்பூச்சு வந்துவிடும், அழுக்குப் படிய நேரம் இருக்காது. அழுக்குக் கோடு இருந்தால் அந்த நிறம் சாலையைப் பார்த்திருக்கிறது என்று பொருள். கிரீம் ஓடிய நிறம். வராந்தாப் படத்தில் சக்கரம் வெளுத்துத் தெரிந்ததற்கும் காரணம் இதுதான்.

"சாட்சி மூணும் ஒண்ணாச் சொல்லுதுங்க" என்றார் நண்பர். டயரடி, டிஸ்க் முகம், போட்டோ.

மேலே கொடைக்கானலுக்கு ஏறினோம். ஏரியையும் பில்லர் ராக்கையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அங்கிருக்கும் வெளிச்சம். நிறம் பொருத்துவதில் பாதிச் சண்டை வெளிச்சத்தோடுதான். கையில் இந்தியத் தர நிர்ணயத்தின் 'ஐ.எஸ். 5' வண்ண அட்டைகள் வைத்திருந்தோம். பெயின்ட் கடைகளில் போஸ்ட் ஆபீஸ் ரெட் 538, ஸ்மோக் கிரே 692 என்று எண்ணோடு சொல்வார்களே, அந்த வரிசை. தேநீர்க் கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே இரண்டு கிரீம் அட்டைகள் சக்கரத்தோடு அச்சாகப் பொருந்தின. வெளியே வந்து மேகம் மூடிய வானத்தடியில் வைத்தால் ஒன்று பச்சைப் பக்கம் சாய்ந்தது. வேறு வேறு நிறமிகளால் செய்த இரண்டு பூச்சு ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது இயற்கை. ட்யூப் லைட்டில் வாங்கிய சேலை வாசலில் வேறு நிறம் காட்டும் அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு. பெயின்ட் துறையில் சுமார் 6,500 கெல்வின் பகல் வெளிச்சத்தைப் பொது அளவுகோலாக வைத்திருப்பது இதனால்தான். மேகம் மூடிய மலைப்பகல் அதற்கு ஓரளவு பக்கம் வரும். நேர் வெயில் கூசும், நிழல் விழும். பனி மூட்டம் சற்றே விலகிய நேரத்தில், நிழல் இல்லாத திறந்த வெளியில் பார்த்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

வெளிச்சத்தைப் பிரித்துப் படிக்கும் வேலையில் இந்த ஊருக்கு நீண்ட அனுபவம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் ஊருக்கு மேலே 2,340 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கேதான் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதன் கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்தே அதைச் சொன்னார். பெயின்ட் கடையில் நிறம் அளக்கும் கைக்கருவியும் தத்துவத்தில் அதற்குத் தூரத்துச் சொந்தம். பூச்சின்மேல் தன் வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருவதை அலைநீளம் வாரியாகப் பிரித்து, கடைசியில் மூன்று எண்களாகத் தருகிறது: எவ்வளவு வெளிச்சம், சிவப்பா பச்சையா, மஞ்சளா நீலமா. மனிதக் கண்ணைப் போல் அது சோர்வதில்லை, பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் இல்லை. ஆனால் அது அளப்பது இன்றைக்கு அந்தப் பூச்சு இருக்கும் நிலையை. அன்றைக்கு எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது.

தேடலின் கடினமான பகுதி இதுதான். மறைந்திருந்த நிறம் மாறாத நிறம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். வெயிலில் நின்றது வெளுக்கும், உண்மைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா ஒளி சுமார் 10 சதவீதம் கூடும் என்பதால் கொடைக்கானலில் நிற்கும் வண்டி இன்னும் சீக்கிரம் வெளுக்கும். சிவப்பு சுண்ணாம்பு பூத்துப்போகும். ஈயக் குரோமேட் மஞ்சள் வெயிலில் பழுப்பேறும். ஆனால் இருட்டில் இருந்ததும் சும்மா இருப்பதில்லை. எண்ணெய் சார்ந்த எனாமல் பூச்சுகள் இருட்டில் மஞ்சள் பாரிக்கும்; வெள்ளையிலும் கிரீமிலும் அது அப்பட்டமாகத் தெரியும். வீட்டுக் கதவில் காலண்டர் தொங்கிய இடம் மற்ற இடத்தைவிட மஞ்சளாக இருப்பது இதனால். டயருக்கு அடியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்த கிரீமும், நாலு பூச்சுக்குக் கீழே புதைந்த கிரீமும் அப்படி மஞ்சள் கூடியவைதான். அதை அப்படியே கருவியால் அளந்து கலக்கச் சொன்னால், வண்டி ஒருநாளும் பார்த்திராத ஒரு நிறம் டப்பாவில் வரும்.

நல்ல வேளையாக, இந்த மஞ்சள் திரும்பக்கூடியது. பகல் வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்ல இறங்கும். பொள்ளாச்சிக்குத் திரும்பியதும் நண்பர் சக்கரத்தை மொட்டை மாடியில் நிழல் விழும் பக்கமாக வைத்தார். திறந்த கிரீம் பட்டையில் பாதியை அலுமினியத் தாளால் மூடினார். நேர் வெயிலில் வைத்தால் மஞ்சள் நிறமியே கெடலாம் என்பதால் நிழல் வெளிச்சம். கொஞ்ச காலம் கழித்துத் தாளைப் பிரித்தபோது நடுவில் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம். மூடியிருந்த பாதி பழைய மஞ்சள். வெளிச்சம் பார்த்த பாதி தந்தத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இதற்கு மேல் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே பெயின்ட் கடையில் கருவியால் அளந்தார்கள்.

இது அமெரிக்கப் பட்டியலின் 'ஆட்டம் எல்லோ'வா, பம்பாயில் பூட்டியபோது கையில் இருந்த கிரீமா என்று ஒரே ஒரு சக்கரத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது நேர்மையல்ல. அது தேவையும் இல்லை. இந்த வண்டி முதல் முதலாகப் பண்ணைக்காட்டு மண்ணில் உருண்டபோது என்ன நிறம் என்பதே கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

நிறம் தெரிந்தால் மட்டும் போதாது, பூசும் விதமும் பொருந்த வேண்டும். அக்காலத்து எனாமலுக்கு அடக்கமான பளபளப்பு. இன்றைக்கு வழக்கமாகப் பூசும் பி.யு. (பாலியூரிதேன்) பூச்சுக்கு மேல் கிளியர் கோட் அடித்தால் சக்கரம் பிளாஸ்டிக் தட்டு போல மினுங்கும். நிறம் சரியாக இருந்தும் வண்டி பொய்யாகத் தெரிவது இதனால்தான். கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு போதும். பவுடர் கோட்டிங் உறுதியானதுதான், ஆனால் தடிமன் அதிகம். நட்டு உட்காரும் கூம்புப் பள்ளத்தில் அந்தத் தடிமன் தங்கினால், ஓட ஓட நசுங்கி நட்டு தளரும். மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது உயிர் விஷயம். எந்தப் பூச்சாக இருந்தாலும் நட்டுப் பள்ளத்தையும் டிரம்மோடு ஒட்டும் முகத்தையும் மூடி வைத்துவிட்டுப் பூசுவதே முறை. இன்னொன்று, பழைய வில்லிஸில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்குத் தலைகீழ் மரை. வழக்கம்போல் திருப்பினால் இறுகும், இன்னும் பலத்தைக் கொடுத்தால் ஸ்டட் முறியும். சக்கரம் கழற்றும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் பழைய கார்களைப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்ற பேதமில்லாமல் சிவப்புச் சக்கரம், வெள்ளைப் பட்டை டயர். சினிமாவில் வரும் பழைய காருக்கும் அதே வேஷம். ஒரு தலைமுறை இதையே பழைய கார் என்று நம்பி வளர்ந்துவிட்டது. 2021-இல் மத்திய அரசு 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு முறையைக் கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' எழுத்துகளோடு எண், பத்தாண்டு செல்லுபடி. அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அசல் என்ற சொல்லைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பிறகு, அது எது என்று தேடிச் சொல்லும் பொறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு வந்துவிடுகிறது. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் இதைத்தான் வலியுறுத்துகிறது: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, மாற்றினால் எழுதி வை.

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு அறக்கட்டளையின் 'ஜிடி கார் மியூசியம்' இருக்கிறது. 2015-இல் திறந்தார்கள். அடுத்த முறை போனால் உடம்புகளை விட்டுவிட்டு, சக்கரங்களை மட்டும் பார்த்து ஒரு சுற்று வாருங்கள். வேறு கண்காட்சியாகத் தெரியும்.

வீட்டில் தாத்தா காலத்து அம்பாசடரோ, பத்மினியோ, ஹெரால்டோ, ஜீப்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சக்கரத்தை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். அரை நூற்றாண்டுச் சாட்சியம் பத்து நிமிடத்தில் தூளாகிவிடும். முதலில் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைப் பாருங்கள், வீல் கப்பைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள், டயரைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். கண்டதைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு உங்கள் விருப்பப்படி எந்த நிறம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் பின்பக்கத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சைத் தொடாமல் விட்டுவையுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்கப்போகிறவர் மலையேறித் தேட வேண்டியிருக்காது.